துண்டுக்குள் ஒரு விரல்

பையர் வரும் நாள்களில்தான் பெருமாள்சாமி வாத்தியாருக்கு மைதானம் நிறையும்.

திருப்பூர் ராயபுரத்தை ஒட்டிய ஓர் உதவி பெறும் பள்ளியில் அவர் உடற்பயிற்சி ஆசிரியர். 'உதவி பெறும்' என்று பலகையில் எழுதியிருந்ததே தவிர, உடற்பயிற்சிக்கு எந்தத் திசையிலிருந்தும் உதவி வந்ததில்லை. கணக்கு டீச்சர் அவருடைய பாடவேளையைக் கைமாற்றாகக் கேட்பார்; திருப்பிக் கொடுத்ததாக வரலாறு கிடையாது. கோ-கோ கம்பங்கள் இரண்டும் ஒரு பழைய பந்தலிலிருந்து வந்தவை. மைதானத்தின் கிழக்கே சாயப்பட்டறைச் சுவர். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிப் பழகியிருந்தார்கள்.

இரண்டு தெரு தள்ளி திருமூர்த்தியின் பனியன் கம்பெனி. பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் பார்வையிட வருகிறார் என்று போன் வந்தால் மற்ற கம்பெனிகளில் தரையைத் துடைப்பார்கள். அங்கே முதலில் பிள்ளைகளைத் துடைப்பார்கள். பிசிர் வெட்டும் பெஞ்சிலும் தையல் மெஷின் காலடியிலும் உட்கார்ந்திருக்கும் வயது வராத உருப்படிகள் எல்லாம் கம்பெனி வேனில் ஏறிவிட வேண்டும். சூப்பர்வைசர் அதற்கு ஒரு பாடமே நடத்தியிருந்தார். வெள்ளைக்காரர் கண்ணில் பட்டால் ஓட வேண்டும், ஒளிய வேண்டும், வேன் ஹாரன் கேட்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. அந்தப் பாடத்தில் ஒரு பிள்ளைகூடத் தவறியதில்லை.

முன்பெல்லாம் வேன் ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். டீசல் வீண் என்று திருமூர்த்திக்குப் பட்டது. ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க வாத்தியாரே, புள்ளைங்கள சித்த வெளையாட உடுங்க. ஆராச்சும் கேட்டா உங்க பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கன்னு சொல்லிப்போடுங்க."

"எனக்கென்னங்க லாபம்?"

"அட, நஞ்சப்பன் பையனாச்சே!" என்று திருமூர்த்தி சிரித்தார். "உங்க டீமுக்கு ஜெர்சி நான் தர்றனுங்க. எக்ஸ்போர்ட் துணி. நெஞ்சுல கம்பெனி பேரு, முதுகுல நம்பரு."

வேனுக்குள் அடைந்து கிடப்பதைவிட மைதானத்தில் ஓடுவது மேல் என்று பெருமாள்சாமி மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டார். ஜெர்சியும் நல்ல ஜெர்சிதான்.

அப்படி வந்து இறங்கியவள்தான் நதியா. பதின்மூன்று வயது. தைத்து விழும் துணியை வாங்கி அடுக்குகிற கைமடி வேலை. டெய்லர் எந்தப் பக்கம் வீசப் போகிறான் என்று அவன் தோள் அசைவிலேயே படித்துப் பழகியவள். கோ-கோவில் எதிராளியின் தோளைப் பார்த்தாள். அவன் திரும்புவதற்குள் இவள் அங்கே இருந்தாள். பெருமாள்சாமி விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றார். தன் பள்ளியில் இத்தனை வருடம் அவர் தேடிய கால்கள், பையருக்குப் பயந்து அவர் மைதானத்துக்கு வந்து சேர்ந்திருந்தன.

அவளைப் பள்ளியில் சேர்க்க அவளுடைய அம்மா செல்லத்தாயைப் போய்ப் பார்த்தார். சாத்தூர்ப் பக்கமிருந்து வந்தவள். புருஷன் இல்லை. கம்பெனிக்குச் சொந்தமான லைன் வீட்டில் குடியிருந்தாள்.

"படிக்க மாட்டேன்னா சொல்லுதா? நல்லாப் படிப்பா சார்" என்றாள் செல்லத்தாய். "ஆனா ஒரு வீட்டுக்கு ரெண்டு ஆளு வேலைக்கு வரணும்ங்கிறது கம்பெனிச் சட்டம். இவ நின்னுட்டா நாங்க சட்டி பானையோட ரோட்டுக்கு வரணும். அந்த ரோட்டுல ஓட விடுவீகளா இவள?"

பெருமாள்சாமி திருமூர்த்தியிடம் போனார். நெடுநேரம் பேசி, பகலில் பள்ளிக்கூடம், சாயங்காலம் கம்பெனி என்ற அளவுக்கு இழுத்து வந்தார். அதற்கே திருமூர்த்தி முகம் சுருங்கியது.

"எங்கப்பன் கண்ணபுரம் சந்தைல உங்கப்பன்கிட்ட எருது வாங்கி ஏமாந்தாரு. நீங்க எருது இல்லாமயே ஏமாத்தறீங்க."

பெருமாள்சாமியின் அப்பா நஞ்சப்பன் மாட்டுத் தரகர். சந்தையில் வாயால் விலை சொல்லமாட்டார்கள். கைமேல் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, விரலை அழுத்தி விலை பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் பேரம் அந்த இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும். பெருமாள்சாமி சிறுவயதில் அப்பாவோடு போயிருக்கிறார். ஒருமுறை ஒரு ஜோடி எருதுக்கு அப்பா முதலில் அழுத்திய விரலுக்கே எதிராளி கையை இறுக்கி ஒத்துக்கொண்டான். நல்ல விலைதான். ஆனால் நஞ்சப்பன் அன்று சோறு தின்னவில்லை. "கேட்டதும் ஒத்துக்கிட்டானேடா, கேட்டதும் ஒத்துக்கிட்டானே" என்று காங்கேயம் வரும்வரை புலம்பிக்கொண்டே வந்தார்.

நதியா வந்ததும் பள்ளி அணி ஒவ்வொரு சுற்றாக ஏறியது. திருப்பூர் அப்போது கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பெரிய பள்ளிகளெல்லாம் எதிரில். இறுதி ஆட்டம் அமராவதி நகரில், அணைக்குப் பக்கத்து மைதானத்தில் என்று முடிவாயிற்று. அதைப் பார்க்க விளையாட்டு விடுதியிலிருந்து இரண்டு பயிற்சியாளர்கள் வருகிறார்கள் என்ற சேதியும் வந்தது. அவர்கள் கை காட்டினால் விடுதியில் சோறு, தங்கல், படிப்பு, பயிற்சி. நதியா அதன்பின் தையல் மெஷின் காலடியில் உட்கார வேண்டியதில்லை. லைன் வீட்டுச் சட்டத்தைப் பற்றி அப்புறம் திருமூர்த்தியிடம் பேசிக்கொள்ளலாம், முதலில் பெண் தேறட்டும் என்று பெருமாள்சாமி கணக்குப் போட்டார்.

இறுதி ஆட்டத்தன்று காலை அணியை ஏற்றிப்போகக் கம்பெனி வேன் வந்தது. உள்ளே ஏற்கனவே பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள்.

"பையர் திடீர்னு வந்துட்டாங்க வாத்தியாரே" என்றார் டிரைவர். "மேனேஜர் இதுங்களையும் ஏத்தி உட்டுட்டாரு. ஆட்டம் பாத்துட்டு வரட்டும்னாரு."

பிள்ளைகளுக்குத் திருவிழா. பழைய ஜெர்சிகளை முழங்கால்வரை மாட்டிக்கொண்டு வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தார்கள்.

முதலில் எதிரணி துரத்த, நம் பிள்ளைகள் ஓடினார்கள். கூட ஓடியவர்கள் அவுட்டாகிவிட, நதியா ஒருத்தியே கம்பத்துக்குக் கம்பம் எதிரணியை அலைக்கழித்துக்கொண்டிருந்தாள். துரத்துகிறவளின் கை இவள் முதுகுக்கு வரும். முதுகு அங்கே இருக்காது. விடுதிப் பயிற்சியாளர்களில் மூத்தவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்து வந்திருந்தார். பெருமாள்சாமி அவர் முகத்தை ஒரு கண்ணாலும் ஆட்டத்தை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனிப் பிள்ளைகள் மைதானத்து ஓரப் படிக்கட்டில் நின்று நதியா பெயரைச் சொல்லிக் கூவினார்கள்.

திடீரென்று கூவல் நின்றது.

திரும்பிப் பார்த்தார். படிக்கட்டு காலியாக இருந்தது.

மைதான வாசலில் வெள்ளைக் கார். இறங்கியவர் திருமூர்த்தி. பின்னால் தொப்பி வைத்த வெள்ளைக்கார அம்மாள் ஒருவர். கூடவே பையரின் சென்னை ஆபீஸிலிருந்து வந்த கண்ணாடிக்காரர். அவர் தமிழர், காதும் நன்றாகக் கேட்கும். அணையையும் முதலைப் பண்ணையையும் காட்ட விருந்தாளியை அழைத்து வந்த திருமூர்த்தி, போகிற வழியில் கம்பெனி பெயர் போட்ட ஜெர்சிகளையும் காட்டிவிட நினைத்தார். மேனேஜர் ஒளித்து வைத்ததை முதலாளி கார் வைத்துக் கூட்டிவந்து காட்டிவிட்டார்.

நதியா அப்போதுதான் அந்தத் தொப்பியைப் பார்த்தாள். ஒரு நொடி நின்றாள். பிறகு துரத்துகிறவளை விட்டு, கம்பத்தை விட்டு, எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடினாள். நடுவர் அவுட் கொடுத்து விசில் ஊதினார். அவள் நிற்கவில்லை. கழிப்பறைச் சுவரைத் தாண்டி மறைந்துபோனாள்.

மூத்த பயிற்சியாளர் பெருமாள்சாமியைக் கூப்பிட்டார். "என்ன சார் அந்தப் பொண்ணு? ஆளைப் பார்த்தா பயமா? கூட்டத்துக்குப் பயப்படறவள நான் கூட்டிட்டுப் போய் என்ன பண்ண?"

"வருவா சார். அடுத்து எங்க டர்ன். துரத்தறதப் பாருங்க."

"வந்தா பார்க்கறேன்."

இடைவேளை முடிவதற்குள் அவளைக் கொண்டுவர வேண்டும். கழிப்பறையை அடுத்திருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனார். அத்தனை பிள்ளைகளும் சுவரோரம் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். சின்னதுகள் உள்ளங்கையால் வாயைப் பொத்தியிருந்தன. அவர் பள்ளியில் எத்தனை விசில் ஊதியும் இப்படி ஒரு வரிசையை அவரால் நிறுத்த முடிந்ததில்லை. கடைசியில் நதியா.

"வா கண்ணு. நம்ம டர்ன்."

அவள் தலையாட்டினாள். "அவுக போயிட்டாகளா சார்?"

"அவங்க இருந்தா என்ன? நீ இப்ப பள்ளிக்கூடத்துப் புள்ள. ஒளிய வேண்டியதில்ல."

"சாயங்காலம் கம்பெனிக்குப் போறேன்ல? அவுக கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராது சார். கம்பெனிய மூடிருவாகளாம். அம்மாக்கு வேல போயிரும், வீடு போயிரும். ஹாரன் அடிக்கட்டும், வாரேன்."

ஹாரன் அடிக்கும்போது ஆட்டம் முடிந்திருக்கும். பெருமாள்சாமி திரும்பி நடந்தார்.

வெள்ளைக்கார அம்மாள் காலியான படிக்கட்டைக் காட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் பெருமாள்சாமியைப் பார்த்தார். "நீங்கதான் கோச்சா? இங்க இருந்த பசங்க ஏன் ஓடிட்டாங்கன்னு மேடம் கேக்கறாங்க. விளையாடிட்டிருந்த பொண்ணும் ஓடிடுச்சே?"

திருமூர்த்தியின் சிரிப்பு உதட்டில் அப்படியே நின்றது. அதன் மேலே இருந்த கண்களில் சிரிப்பு இல்லை. பெருமாள்சாமி உண்மையைச் சொன்னால் கம்பெனி போகும். செல்லத்தாயும் அவளைப் போன்றவர்களும் ரோட்டுக்கு வருவார்கள். சொல்லாவிட்டால் நதியா தொட்டிக்குப் பின்னால் குந்தியிருப்பாள். பேசலாமென்றால் நடுவில் தமிழ் தெரிந்த காது நிற்கிறது.

"ஒரு நிமிசங்க சார்" என்றார் கண்ணாடிக்காரரிடம். கழுத்தில் கிடந்த வியர்வைத் துண்டை உருவி, கைகுலுக்கப் போகிறவர் போலத் திருமூர்த்தியின் வலதுகையைப் பற்றி, மேலே துண்டைப் போட்டார். திருமூர்த்தியின் கண் ஒரு கணம் விரிந்தது. கண்ணபுரம் சந்தைக்கு அவர் அப்பாவும் அவரை அழைத்துப் போயிருக்கிறார்.

பெருமாள்சாமி துண்டுக்குள் அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து அழுத்தினார். ஒன்று. கண்ணைத் தொட்டிப் பக்கம் காட்டி, தான் போட்டிருந்த ஜெர்சியின் நெஞ்சிலிருந்த கம்பெனிப் பெயரைத் தொட்டுத் துடைப்பதுபோல் செய்தார். அவர் கேட்ட விலை இதுதான்: நதியா கம்பெனியைவிட்டு வரட்டும், வீடு அவர்களிடமே இருக்கட்டும்.

அழுத்திய விரலை விடுவதற்குள் திருமூர்த்தியின் கை அவர் கையை இறுக்கியது. ஒத்துக்கொண்டாயிற்று.

பெருமாள்சாமி துண்டை எடுத்தார்.

"வெயிலுங்க சார். தண்ணி குடிக்கப் போயிருக்குதுங்க."

கண்ணாடிக்காரர் மொழிபெயர்த்தார். அம்மாள் முகம் இளகியது. "பசங்களுக்குத் தண்ணி பாட்டில் வாங்கிக் கொடுக்கச் சொல்றாங்க" என்றார் அவர்.

"தாராளமாங்க, தாராளமாங்க" என்றார் திருமூர்த்தி. "மேடத்த முதலைகிட்டக் கூட்டிட்டுப் போலாமுங்க, வெயில் ஏறுது."

காருக்குப் போகும் வழியில் பெருமாள்சாமி அவருக்குப் பக்கத்தில் நடந்தார். உள்ளங்கையில் இன்னும் அந்த இறுக்கம் இருந்தது. கொஞ்சமும் யோசிக்காத இறுக்கம். தாழ்ந்த குரலில் கேட்டார், "மத்ததுங்க?"

திருமூர்த்தி விருந்தாளிக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டபடியே சொன்னார், "துண்ட எடுத்தாச்சுங்களே வாத்தியாரே. எடுத்ததுக்கப்பறம் பேசறதுண்டுங்களா? உங்கப்பன் சொல்லித் தரலீங்களா?"

கார் போனது. பெருமாள்சாமி வேனுக்குப் போய்த் தானே ஹாரனை அழுத்தினார்.

நதியா வந்தாள். அன்று அவள் துரத்தியதைப் பார்த்தவர்கள் வெகுநாள் பேசினார்கள். கம்பத்தின் மேல் பாய்ந்து, மண்ணில் விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே அடுத்தவளைத் தொட்டாள். கோப்பை அவர்களுக்கு வந்தது. மூத்த பயிற்சியாளர் வந்து பெருமாள்சாமியின் தோளைத் தட்டினார். "ஜூன்ல அனுப்பிடுங்க. முதல்ல அந்த ஓட்டம் என்ன ஓட்டம்னுதான் புரியல."

"தாகம் சார்" என்றார் பெருமாள்சாமி.

திரும்பும்போது வேனில் பாட்டும் கூச்சலுமாக இருந்தது. எல்லார் கையிலும் தண்ணீர் பாட்டில். முன்சீட்டில் அவர் மடியை ஒட்டி உட்கார்ந்திருந்த மிகச் சிறிய பெண், பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டாள், "சார், அடுத்த பையர் எப்ப வருவாக?"

"ஏன் கண்ணு?"

"அப்பத்தான வெளையாட விடுவாக."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேன் உடுமலையைத் தாண்டியது, பல்லடத்தைத் தாண்டியது. அவர் வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

கம்பெனி வாசலில் வேன் நின்று ஹாரன் அடித்தது. பாட்டு நின்றது. கம்பெனிப் பிள்ளைகள் பாட்டில்களை இடுப்பில் செருகிக்கொண்டு வரிசையாக இறங்கினார்கள். சாயங்கால ஷிப்டுக்கு விளக்குப் போட்டிருந்தார்கள். நதியாவும் கோப்பையைச் சீட்டில் வைத்துவிட்டு, பழக்கத்தில் எழுந்து வரிசையின் கடைசியில் போய் நின்றாள். பெருமாள்சாமி அவள் ஜெர்சியைப் பின்னாலிருந்து பிடித்தார்.

"நீ இல்ல கண்ணு. நீ ஊட்டுக்குப் போ. முதலாளி ஒத்துக்கிட்டாரு. இனி நீ வர வேண்டியதில்ல."

அவள் இறங்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தாள். அந்தச் சின்னப் பெண் படியில் கால் எட்டாமல் குதித்து, உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"நான் மட்டுமா சார்?"

"ஆமா."

நதியா சீட்டில் உட்கார்ந்தாள். கோப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. கேட் மூடும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கம் திரும்பவில்லை.