உப்பு பார்க்காத குழம்பு

1986 ஆகஸ்ட் மாதத்தின் முதல் ஞாயிறு. தேவாலயத்தில் காலை ஆராதனையில் அப்பமும் திராட்சரசமும் தரும் திருவிருந்து இருந்தது. மனத்தில் பகையை வைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாதென்று ஹில்டா விடிந்ததும் கோவில்பதாகையில் இருக்கும் நாத்தனார் ஞானகுமாரி வீட்டுக்குப் போனாள். போன மாதத் திருவிருந்து ஞாயிறன்று அங்கே மத்தியானம் சாப்பிடும்போது, மீன் குழம்பில் உப்பு கரிக்கிறதென்று எல்லார் எதிரிலும் ஹில்டா சொல்லிவிட்டாள். அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

கதவு திறந்தது. உள்ளே குழம்பு கொதிக்கும் வாசனை.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, குமாரி. மன்னிச்சுடும்மா."

ஞானகுமாரி முறைத்துப் பார்த்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இத்த சொல்ல ஒரு மாசமா, அண்ணி? திருவிருந்து வாங்குற வரைக்கும் நான் பச்சத்தண்ணி கூட வாயில வைக்க மாட்டேன். அப்புறம் எங்க உப்பு பாக்கறது? இன்னைக்கும் பாக்கல. மத்தியானம் அண்ணன இட்டுகினு சாப்புட வர்றியா?"