மெக்கானிக் மிதிக்காத வீடு

அந்தக் குடும்பத்து ஆண்களுக்கு ஒரு பெருமை உண்டு. "நம்ம வீட்டு வாசப்படிய இதுவரைக்கும் ஒரு மெக்கானிக்கும் மிதிச்சதில்ல" என்பதுதான் அது. வீட்டுப் பெரியவர் இருந்தவரை வாரத்துக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு மூன்று பிள்ளைகளும் முறை வைத்துச் சொல்கிறார்கள். சொத்து என்று பெரிதாக எதையும் விட்டுவிட்டுப் போகாத மனிதர் இந்த ஒன்றை மட்டும் மூவருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் பெருமையின் லட்சணம் நடுப்பிள்ளை வீட்டுக்குள் வந்து பார்த்தால் தெரியும். குளியலறைக் குழாயை மூடுகிற பக்கம் திருப்பினால் திறக்கும். மிக்ஸி மூடியை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டவேண்டும், கையை எடுத்தால் அரைத்தது முழுக்கச் சுவரில் இருக்கும். கூடத்து மின்விசிறியை நிறுத்தினால் அழைப்பு மணி அடிக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வீட்டு மருமகள் ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்க் கதவைத் திறந்து வெற்று வாசலைப் பார்த்துவிட்டு வந்தாள். இப்போது நிஜமாகவே யாராவது வந்து மணி அடித்தாலும் எழுந்திருப்பதில்லை.

கணவர் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்புகளை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு அனுப்பும் வேலையில் இருந்தார். ஆனால் ஸ்க்ரூ டிரைவர் கையில் ஏறிவிட்டால் அவர் ஆளே வேறு. மனதுக்குள் அவள் அவருக்கு வைத்திருந்த பெயர் விஞ்ஞானி. வாய்விட்டுச் சொன்னால் அதையும் பாராட்டாக எடுத்துக்கொள்வார் என்பதால் சொன்னதில்லை.

அவள் வேலை பார்த்தது பல் செட் செய்யும் லேபில். மெழுகில் ஒவ்வொரு பல்லாகச் செதுக்கி வரிசையில் நிறுத்துவது அவள் வேலை. நெல் மணி அளவு பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்கு வாய் மூடாது. அந்த விரல்களில்தான் நான்கு வருடத்துக்கு முன்னால் மூட்டு வாதம் வந்து உட்கார்ந்தது. காலையில் விரல்கள் மடங்காது, சட்டைப் பித்தானைக்கூடப் போட முடியாது. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி எழுதிக்கொடுத்தார்கள். பேனா மாதிரி இருக்கும், பதினைந்து நாளைக்கு ஒன்று, தொடையில் தானே போட்டுக்கொள்ளலாம். இரண்டிரண்டாகத்தான் தருவார்கள். ஒன்று தவறினால் விரல்கள் பழையபடி விறைத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜில் வைக்கவேண்டும், ஆனால் உறையக்கூடாது. உறைந்துவிட்டால் உருக வைத்தும் போடக்கூடாது, தூக்கிப் போட்டுவிடவேண்டும் என்று அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. அந்தப் பெட்டியை அவள் நடுத்தட்டில், முன்பக்கமாக வைத்திருந்தாள். அடுத்த ஊசி ஞாயிற்றுக்கிழமை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அண்ணனும் தம்பியும் சாப்பிட வருவதாக இருந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்து ஃபிரிட்ஜில் ஐஸ் மேக்கர் வேலை செய்யவில்லை. தண்ணீர்க் குழாயோடு சேர்த்துப் பொருத்திய ஃபிரிட்ஜ் அது, ஐஸ் தானாகவே உறைந்து கீழே இருக்கும் தொட்டியில் விழும். விஞ்ஞானி அந்த ஃபிரிட்ஜை வாங்கியதே, அண்ணன் வீட்டில் அப்படி ஒன்று இல்லை என்பதற்காகத்தான். ஐஸ் இல்லாமல் அண்ணன் முன்னால் எப்படி டம்ளரை நீட்டுவது என்பது அவருடைய கவலை.

அவள் அலமாரியிலிருந்து ஃபிரிட்ஜோடு வந்த புத்தகத்தை எடுத்துப் படித்துப் பார்த்தாள். "ஐஸ் வரவில்லையா?" என்ற தலைப்பில் முதல் வரியே, தொட்டிக்கு மேலே இருக்கும் கம்பி தூக்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது. கம்பி தூக்கியிருந்தால் தொட்டி நிறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு எந்திரம் நின்றுவிடுமாம். ஃப்ரீஸரைத் திறந்து பார்த்தாள். கம்பி மேலே தூக்கிக்கொண்டுதான் இருந்தது. போன வாரம் பட்டாணிப் பொட்டலத்தைத் திணித்தபோது இடித்திருக்கவேண்டும்.

"என்னங்க, இந்தக் கம்பிய கீழ இறக்கினா போதும்னு போட்டிருக்கு."

"புக்குல ஆயிரம் போட்டிருப்பான். எல்லாத்தையும் நம்ப முடியுமா?"

"செஞ்சவன் போட்டதுதானே."

அவள் கையை உள்ளே நீட்டினாள். அவர் குறுக்கே வந்து நின்றார்.

"தொடாத. உள்ள கரெண்ட் இருக்கு. இது டெக்னிகல் விஷயம்."

ஒரு விரல் செய்யவேண்டிய வேலை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதில் அந்தக் குடும்பத்து ஆண்களை யாரும் மிஞ்ச முடியாது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் செல்போனை ஜாடியில் சாய்த்து வைத்து அண்ணனையும் தம்பியையும் வீடியோவில் கூப்பிட்டார். அதுதான் அவர்கள் வழக்கம். ஒரு வீட்டில் ஒரு சாமான் கெட்டால் மூன்று மூளைகளும் கூடும். கூடினால் இன்னும் இரண்டு சாமான் கெடும்.

அண்ணன் பஸ் கம்பெனியில் நேரம் குறிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தம்பிக்குத் தரை ஓடு விற்கும் கடை. குளிர் சாதனத்துக்கும் இவர்களுக்கும் உள்ள சம்பந்தம், ஆளுக்கொரு ஃபிரிட்ஜ் வீட்டில் இருக்கிறது என்பதோடு சரி.

"ஐஸ் வரலன்னா குளிர் பத்தலன்னு அர்த்தம்டா. உள்ள இருக்கற குமிழத் திருப்பிக் கடைசி நம்பர்ல வை" என்றார் அண்ணன்.

"காத்துப் போற வழி அடைச்சிருக்கும்ணே. ஃப்ரீஸருக்கும் கீழ இருக்கற அறைக்கும் நடுவுல ஒரு சின்னக் கதவு இருக்குமே, அதான் காத்தை மறிக்குது. கழட்டி எறிங்க" என்றான் தம்பி.

அந்தச் சின்னக் கதவு எதற்காக அங்கே இருக்கிறது என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை. கீழ் அறையில் இருப்பது உறைந்துவிடாமல் குளிரை அளந்து விடுவதற்காகத்தான் அது இருந்தது. புத்தகத்தில் நான்காம் பக்கத்தில் படத்தோடு போட்டிருந்தது. படித்தால் அப்பாவின் பெயர் கெட்டுவிடும்.

அவளுக்குச் சனிக்கிழமை அரை நாள் லேப். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"எத வேணா பண்ணுங்க. ஊசி டப்பாவ மட்டும் இருக்கற இடத்துலயே விடுங்க."

"எனக்குத் தெரியாதா? நீ போ."

மதியம் அவள் திரும்பி வந்தபோது சமையலறை அலங்கோலமாகக் கிடந்தது. தரையெல்லாம் தண்ணீர், மேஜையில் ஒரு தட்டு நிறைய திருகாணிகள். எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகும் ஏழு ஆணிகள் மிச்சமிருந்தன. அவற்றை அவர் ஒரு டப்பாவில் போட்டுப் பத்திரப்படுத்தினார்.

சாயங்காலம் ஃப்ரீஸருக்குள் கடகடவென்று சத்தம் கேட்டது. ஐஸ் விழுந்தது. விஞ்ஞானி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். அண்ணனுக்குப் போன், தம்பிக்குப் போன், தொட்டியின் படம், அதைக் கையில் ஏந்திக்கொண்டு தன் படம். அவள் போய்ப் பார்த்தாள். கம்பி கீழே இறங்கியிருந்தது. ஆணி கழற்றும்போது இவர் முழங்கை பட்டு இறங்கியிருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

"கம்பி எறங்கியிருக்குங்க."

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்" என்றார் அவர், பெரிய மனது பண்ணி.

அவள் கீழ்க் கதவைத் திறந்தாள். ஊசிப் பெட்டி நடுத்தட்டில் இல்லை. மேல் தட்டில், பின்னால், காற்று வரும் துளைக்கு நேர் முன்னால் இருந்தது.

"டப்பாவ ஏன் மாத்தினீங்க?"

"அங்கதான் நல்லா பத்திரமா இருக்கும். கதவ மூடு, மூடு. குளிரெல்லாம் போயிடும். இப்பதான் செட் ஆகுது."

அவள் மூடிவிட்டாள். பிறகு எத்தனையோ தடவை அந்த நிமிடத்தை நினைத்துப் பார்த்து, அவரைத் திட்டியதில் பாதியைத் தனக்கும் ஒதுக்கிக்கொண்டாள். காலெல்லாம் வலித்தது, தரையைத் துடைக்கவேண்டியிருந்தது, நாளைக்கு ஆறு பேருக்குச் சமைக்கவேண்டும். அப்புறம் மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள், மறந்துபோனாள். பதினேழு வருடம் அந்த மனிதரோடு குடித்தனம் பண்ணியவள், அவர் பத்திரம் என்று சொன்ன பிறகும் நம்பியது முட்டாள்தனம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அண்ணனும் தம்பியும் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். ஊசியை அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் போட்டுக்கொள்ளவேண்டும் என்பதால் அவள் பெட்டியை எடுத்தாள். பக்கத்தில் இருந்த தக்காளி கல்லாக இருந்தது. பெட்டியைப் பிரித்தாள். ஊசியின் நடுவில் மருந்தைப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அதற்குள் மருந்து அசையவில்லை. இரண்டாவதையும் எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். அதுவும் உறைந்திருந்தது.

அவள் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழவேண்டும் போல இருந்தது. கூடத்தில் ஐஸ் டம்ளரில் கலகலக்க, அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பா இருந்திருந்தா உன்ன மெச்சியிருப்பாருடா."

அவள் இரண்டு ஊசிகளையும் கொண்டுபோய்க் கணவர் முன்னால் நீட்டினாள்.

"உறைஞ்சு போச்சு. ரெண்டும்."

அவர் வாங்கிப் பார்த்தார். முகம் ஒரு கணம் வெளுத்தது. உடனே சமாளித்துக்கொண்டார்.

"உருகினா சரியாயிடும். தண்ணி ஐஸாகி மறுபடி தண்ணியாகறதில்லயா?"

"உருகினாலும் போடக்கூடாதுன்னு டப்பா மேலயே போட்டிருக்கு."

"அவனுங்க அப்படித்தான் போடுவானுங்க அண்ணி, புதுசு விக்கறதுக்கு" என்றான் தம்பி. அவன் மனைவி அவன் முதுகில் கையை வைத்து அழுத்தினாள். அவனுக்கு உறைக்கவில்லை.

"வெயில்ல கொஞ்ச நேரம் வெச்சுப் பாரும்மா" என்றார் அண்ணன்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் பேசறேன்" என்றாள் அவள்.

"இரு, நான் பேசறேன். உனக்கு விவரமா சொல்லத் தெரியாது."

அவர் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். அலுவலகக் குரலில், தெளிவாக, மரியாதையாகப் பேசினார். அவள் பின்னால் நின்றாள்.

"ஆமா மேடம். என் மிஸஸ் தெரியாம ஃப்ரீஸர்ல வெச்சிட்டாங்க. படிச்சவங்கதான், ஆனா கொஞ்சம் கவனக்குறைவு."

அவளுக்கு ஊசி போனதுகூட இப்படி எரியவில்லை. இத்தனை வருடத்தில் அவர் கெடுத்த எத்தனையோ சாமான்களை அவள் முகம் சுளிக்காமல் புழங்கியிருக்கிறாள், மணி அடித்தால் போய்க் கதவைத் திறந்திருக்கிறாள். அதற்கெல்லாம் கிடைத்த பெயர் கவனக்குறைவு.

மருந்தகத்துப் பெண் நோயாளியிடமே பேசவேண்டும் என்றாள் போலிருக்கிறது. அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார்.

"நீ வெச்சதாவே சொல்லிடு. அண்ணன் தம்பி எல்லாம் இருக்காங்க."

அவள் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"எவ்வளவு நேரம் ஃப்ரீஸர்ல இருந்ததும்மா?" என்றது அந்தக் குரல்.

"ஃப்ரீஸர்ல வெக்கவே இல்லங்க. கீழ் அறையிலதான் இருந்தது. எங்க வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ ரிப்பேர் பண்ணினார். கீழ் அறையும் ஃப்ரீஸராயிடுச்சு."

"அவர் மெக்கானிக்கா?"

"இல்லங்க. அவரும் இல்ல, யோசனை சொன்ன அவங்க அண்ணன் தம்பியும் இல்ல."

அண்ணன் டம்ளரை மேஜையில் வைத்தார். மருந்தகத்துப் பெண் குறித்துக்கொண்டாள். மருத்துவர் கையெழுத்து வேண்டும், புது ஊசி வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆகும், அதுவரை வலி மாத்திரைதான் என்றாள்.

அந்தப் பன்னிரண்டு நாளை அவள் யாருக்கும் சொல்லிக் காட்டவில்லை, காட்டவேண்டியும் இருக்கவில்லை. ஆறாம் நாள் விரல்கள் விறைத்துக்கொண்டன. எட்டாம் நாள் மெழுகுக் கத்தி கையிலிருந்து நழுவி, ஒரு கிழவருக்குச் செய்த முழு மேல்வரிசையும் கலைந்தது. லேப் முதலாளியம்மா அவள் தட்டை எடுத்துப் பக்கத்து மேஜைப் பெண்ணிடம் கொடுத்தாள். அவள் மீதி நாளெல்லாம் அச்சுகளைக் கழுவிக் கவிழ்த்தாள். வீட்டில் விஞ்ஞானி அவளுக்குப் பித்தான் போட்டுவிட்டார். அதையும் ஒரு துளை தள்ளித்தான் போட்டார்.

பதின்மூன்றாம் நாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புது ஊசிகளை வாங்கினாள். ஒன்றை அங்கேயே போட்டுக்கொண்டாள். சாயங்காலம் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள்.

அவர் ஃபிரிட்ஜ் பக்கத்திலேயே காத்திருந்தார். குமிழை நடு எண்ணுக்குக் கொண்டுவந்திருந்தார். கழற்றிய சின்னக் கதவை மறுபடி மாட்டியிருந்தார், புத்தகம் நான்காம் பக்கத்தில் விரித்தபடி மேஜையில் கிடந்தது. நடுத்தட்டை முழுக்கக் காலி பண்ணி, ஒரு வெப்பமானியை வைத்து, "மருந்து. யாரும் தொடக்கூடாது" என்று அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார். மூன்று நாள் வேலை. அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

"ஊசி எங்க?" என்றார்.

"லேப் ஃபிரிட்ஜ்ல வெச்சிட்டு வந்திருக்கேன்."

"அங்க எதுக்கு? பத்து பேர் கை படற இடம். இங்க வை, இனிமே நானே பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்குவீங்கன்னுதான் அங்க வெச்சேன்" என்று சொல்லிவிட்டு அவள் கை கழுவப் போனாள்.