படிகளுக்குக் கொஞ்சம் வெளிச்சம்

நாடகத்தின் கடைசிக் காட்சியில் அரங்கமே இருட்டாகும். அக்கா மேல்மாடத்திலிருந்து கறுப்புத் திரைக்குப் பின்னால் உள்ள படிகளில் இறங்கி, பார்வையாளர்களின் நடுவே நின்று பேச வேண்டும். நேற்று ஒத்திகையில், தங்கை படி விளிம்புகளில் பூசிய ஒளிரும் பெயின்ட் கண்ணிலேயே படவில்லை. அக்கா கால் தவறி, கைப்பிடியைப் பற்றித் தப்பினாள். இன்றும் தெரியாவிட்டால் அந்தக் காட்சியே கிடையாது என்று இயக்குநர் கறாராகச் சொல்லிவிட்டார். இத்தனை வருடம் மேடையில் கூட்டத்தில் ஒருத்தியாக நின்ற அக்காவுக்குக் கிடைத்த ஒரே காட்சி.

"வீட்ல ஜொலிச்சுதேடி!" என்றாள் அக்கா.

"இங்க கோவிச்சுக்கிச்சு போல" என்றார் லைட்காரர். "என்ன விஞ்ஞானி, நான் வச்சிருக்கிற ஆரஞ்சு பெயின்டையே அடிச்சிருக்கலாமே? என் ஊதா விளக்குல தகதகன்னு இருக்கும்."

"விளக்கை அணைச்சா அதுவும் உடனே அணைஞ்சிடும்ணா" என்றாள் தங்கை.

"அப்ப, உடைச்சா ஒளி விடுற குச்சி?"

"அதுக்குள்ள ரெண்டு திரவம் கலந்து வெளிச்சம் வருது. ஒரு தடவை ஆரம்பிச்சா நாம சொன்னாலும் நிக்காது. மத்த காட்சியெல்லாம் கெட்டுடும்."

"உன் பெயின்ட் மட்டும் என்ன பண்ணுமாம்?"

"வெளிச்சத்தை வாங்கி வச்சுக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா விடும்."

"நேத்து ஒண்ணும் விடலையே!"

தங்கை மாதிரிக்குப் பூசிய அட்டையைப் பையிலிருந்து எடுத்தாள். வீட்டில் ஜன்னலோரம் கிடந்தபோது பச்சையாக ஒளிர்ந்த அதே அட்டை, திரைக்குப் பின்னால் கரிக்கட்டையாக இருந்தது. செல்போன் விளக்கைக் கொஞ்ச நேரம் அதன்மேல் பிடித்து அணைத்தாள். பச்சை வந்தது.

நாடகம் தொடங்கிவிட்டால் திரைக்குப் பின்னால் பொட்டு வெளிச்சம்கூடக் கூடாது என்பது லைட்காரரின் சட்டம். அதை மீறியதற்காக ஆட்களை விரட்டியிருக்கிறார்.

"அண்ணா..." என்றாள் தங்கை. "நேத்து படிகளுக்கு யாரும் வெளிச்சமே கொடுக்கலை. இடைவேளையில ஒரு விளக்கு... நானே பிடிச்சுக்கறேன்."

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மணி அடிச்சதும் அணைச்சிடணும். இல்லேன்னா விளக்கோட உன்னையும் வெளியே அனுப்பிடுவேன்."

இடைவேளை முழுக்க அவள் ஒவ்வொரு படியாக விளக்கைப் பிடித்தாள். மேடை விளக்கில் கூசிய கண் இருட்டுக்குப் பழகட்டும், இறங்குமுன் கொஞ்ச நேரம் மூடித் திற என்று அக்காவிடம் சொல்லி வைத்தாள்.

கடைசிக் காட்சி. இருட்டு விழுந்தது. படியடியில் நின்ற தங்கைக்கு வெளிர்பச்சைக் கோடுகள் மட்டும் தெரிந்தன. இடைவேளையில் இருந்ததைவிட மங்கல்தான். மேல் கோடு இன்னும் முழுதாகவே இருந்தது.

பிறகு அது ஒரு பாத அகலத்துக்கு மறைந்தது. மீண்டும் தெரிந்தது. அடுத்தது மறைந்தது. கடைசிக் கோடும் மறைந்தபோது ஒரு கை அவள் தோளைத் தொட்டு, அழுத்திவிட்டு நகர்ந்தது.

பார்வையாளர்களின் நடுவிலிருந்து அக்காவின் குரல் எழுந்தது.