பெயர்ப்பட்டை இல்லாத குழந்தை

1

ஒரு தாய் சொன்ன பொய்யிலிருந்து வந்த கதை இது. அப்போது நாரின் என்ற குளிர்ந்த மலையூரில் ஓர் ஆஸ்பத்திரியில், பச்சிளங்குழந்தைகளுக்குச் சத்துநீர்ப் பை கலக்கும் வேலை எனக்கு. முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே...' (வேண்டாம். நாரினில் பனி எப்போதுதான் கொட்டவில்லை?)

2

அங்கே பிள்ளை பெற்ற குல்ஜினாவுக்கு முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் அடுத்த குழந்தையை ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரிக்கு விற்றுவிட்டு, அவளிடமிருந்தே திரும்ப வாங்குவார்கள். குழந்தையைக் கொண்டுபோகத் தேடி வருவது ஏமாந்து போகுமாம். இந்தக் குழந்தையோ ஏழாம் மாதமே பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. ஜன்னலுக்கு எங்கே போவது? அதற்குப் பதிலாக, காலில் கட்டியிருந்த பெயர்ப்பட்டையைக் குல்ஜினா அறுத்துவிட்டாள். அதோடு விட்டாளா? அடையாளம் தெரிந்துவிடக் கூடாதென்று பக்கத்துப் பெட்டிக் குழந்தையின் பட்டையையும் அறுத்தாள்.

குடல் பாலுக்குத் தயாராகாத குழந்தைகள். சாப்பாடு ரத்தக்குழாய் வழியாகத்தான். பால்போல் வெளுத்த பை, ஆளுக்கொன்று, அளவு வேறு. மாற்றி மாட்டினால் உயிருக்கே ஆபத்து.

3

"இது உன் புள்ளதானே? வாயத் தொறந்து சொல்லுடி," என்றாள் நர்ஸ் சல்தனாத். அன்றுதான் லீவு முடிந்து வந்திருந்ததால் எந்தக் குழந்தை யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. "பை மாட்டாம ரத்தத்துல சர்க்கரை எறங்கிட்டே இருக்கு."

"யாரோ பெத்த புள்ளக்கா. எனக்கென்ன தெரியும்?"

"அப்போ கண்ணாடியில மூக்க ஒட்டிக்கிட்டு எதுக்கு நிக்கிற?"

"சும்மா, வேடிக்கை பாக்குறேன்."

"என் காதுலயாவது சொல்லித் தொலை."

"காதுல சொன்னாலும் அதுக்குக் கேக்கும்க்கா."

குழந்தையின் உதடு நீலம் பாரித்து... [இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை.]

"என் புள்ளதான்."

ஒரு பெண்குரல். "அப்பாடா, இப்பவாவது வாய் வந்துச்சே!" என்று சல்தனாத் குழாயை மாட்டினாள். நான் குல்ஜினாவைப் பார்த்தேன். இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டிருந்தாள்.

4

(சல்தனாத்தே குரலை மாற்றிச் சொன்னாள் என்று எழுதிப் பார்த்தேன். படித்துவிட்டு, "சத்தியமா நான் இல்லப்பா, அத அடிச்சிடு" என்றாள். மற்றக் குழந்தையின் தாய் என்றால், அவள் மாடியில் மயக்கத்தில் கிடந்தாள். எனக்குப் பயமாக இருக்கிறது.)

குழந்தை பிழைத்தது. கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் குல்ஜினா அதைத் தொடவேயில்லை.

"சொந்தம் கொண்டாடினவகிட்டதானண்ணே திரும்ப வாங்கணும்? வாங்காம தூக்கிட்டுப் போனா தேடி வருவாளே. அவள எங்க போய்த் தேடுவேன்?"

5

எனக்குத் தெரியவில்லை. ஆனால் "என் புள்ளதான்" என்று நீங்கள் மனத்துக்குள் படித்தபோது யாரோ ஒருத்தியின் குரல் கேட்டிருக்கும். அவள் யாரென்று சொல்லுங்கள். குல்ஜினா இன்னும் குழந்தையைத் தொடாமல் நிற்கிறாள்.