ஒரு குடும்பத்துக்கு ஒரு கையெழுத்து

இதனால் ஆடிட்டர் அலுவலகத்தின் பதினோரு ஊழியர்களுக்கும், தண்ணீர் கேன் போட வந்து மாட்டிக்கொண்டவருக்கும் அறிவிக்கப்பட்டது யாதெனில்: கணக்காளர் தேர்வு எழுத இந்த முறை ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே விடுப்பு, விண்ணப்பத்தில் முதலாளியின் கையெழுத்தும் அந்த ஒருவருக்கே. நிறுவன நலன் கருதி எடுக்கப்பட்ட இந்த வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவை ஆடிட்டர் எழுந்து நின்று வாசித்தார். அந்த அலுவலகத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் இரண்டே பேர். ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி.

புருஷனுக்கு அங்கே ‘அட்டெம்ப்ட்’ என்று பெயர். ஏழாவது முறையாக எழுதப்போகிறான். நான்கு தாள்களில் ஒன்றுகூடத் தேறியதில்லை. அவளோ மூன்றை முடித்துவிட்டாள். நான்காவதை இந்த முறை முடிக்காவிட்டால் அந்த மூன்றும் ரத்து என்பது விதி.

இருவரும் ஆளுக்கொரு விண்ணப்பத்தோடு ஆடிட்டர் அறைக்குள் போனார்கள்.

“எனக்குப் போடுங்க சார். இதை விட்டா பாஸான மூணும் போச்சு.”

“உனக்கென்னம்மா, கெட்டிக்காரி. முதல்லேருந்து எழுதினாலும் பாஸாயிடுவ,” என்றார் ஆடிட்டர். “இவனைப் பாரு. நஷ்டத்துல ஓடுற கம்பெனிக்குத்தானே முதல்ல கைகொடுக்கணும்?”

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். “நீங்களாவது வாயைத் திறங்களேன்.”

திறந்தான். “சார் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல?”

“எது, நீங்க நஷ்டம்ங்கறதா?”

ஆடிட்டர் சிரித்துக்கொண்டே அவனுடையதில் கையெழுத்துப் போட்டார். அவளுடையதைப் பின்பக்கம் காலியாக இருந்ததால் குறிப்பெழுத வைத்துக்கொண்டார்.

ஒரு மாத விடுப்பு. அவன் முதல் வாரம் முழுக்க ஆறு நிறங்களில் கால அட்டவணை போட்டான். பிறகு முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் பூசத் தொடங்கி, எதையும் விட மனம் வராமல் புத்தகத்தையே மஞ்சளாக்கினான். பேனா தீர்ந்தபோதெல்லாம் வாங்கி வந்தவள் அவள்தான், அலுவலகத்தில் அவன் வேலையையும் சேர்த்து முடித்துவிட்டு. கரண்டி கீழே விழுந்தால்கூட, “படிக்கிறவன் இருக்கற வீடா இது?” என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

முதல் தாளுக்கான தேர்வு நாள் காலையில் அவன் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள்.

“உங்களுக்காக இல்ல. போன என் மூணு தாளுக்காகவாவது உருப்படியா எழுதிட்டு வாங்க.”

தேர்வு மூன்று மணி நேரம். அவன் அரை மணியில் வெளியே வந்துவிட்டான். அதற்கு முன்னால் யாரையும் வெளியே விடமாட்டார்கள்.