பால் வேனுக்குப் பின்னால் ஏழு பைக்

ஆம்பிளைக்குக் கர்வம் உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால், சுமலதா யோசிக்காமல் சொல்வாள்: பைக் சாவியில். அவள் புருஷன் தீர்த்தகிரி வீட்டில் பரம சாது. குழம்பில் உப்பில்லை என்றாலும் வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான். சாவி கைக்கு வந்துவிட்டால் மட்டும் தேன்கனிக்கோட்டை தாலுகாவில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

அன்றைக்கு அவளுக்கு ஓசூர் கம்பெனியில் முதல் நாள். செல்போன் பாகங்களைப் பூட்டுகிற வேலை. நான்கு வருடம் ரோஜாத் தோட்டத்தில் முள் குத்திக்கொண்டவள், எட்டு மாதம் காத்திருந்து பிடித்த இடம். முந்தின நாள் சாயங்காலம் கோபி என்கிற சூப்பர்வைசர் போனில் கறாராகச் சொல்லிவிட்டான்.

"ஆறு மணிக்கு கேட் மூடிருவோம்மா. ஒரு நிமிஷம் லேட்டானாலும் அடுத்த ஆளைக் கூப்ட்டுக்குவேன். லிஸ்ட்ல நாப்பது பேர் நிக்கறாங்க."

"கம்பெனி பஸ்ஸு இங்கயே வருதுங்க. அதுலயே போயிக்கறேன்" என்று அவள் புருஷனிடம் சொன்னாள்.

"எம் பொண்டாட்டிய நான் கொண்டுபோயி உட மாட்டனா? இந்த ரோட்டுல கண்ணக் கட்டி உட்டாக்கூட போவேன் மே."

தை பிறந்தால் வழி பிறக்கும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். இந்தப் பக்கத்தில் தை பிறந்தால் இருக்கிற வழியும் தெரியாது. விடியற்காலை நாலே முக்காலுக்கு வாசலைத் திறந்தால், பனியில் எதிர்வீட்டைக் காணோம். சுமலதா இரண்டு ஸ்வெட்டர் போட்டு, நெஞ்சில் நாலு மடிப்பு செய்தித்தாள் வைத்து ஜெர்கினை மாட்டிக்கொண்டாள். கைக்குக் காலுறை. புருஷனுக்கும் ஒரு ஜோடி நீட்டினாள்.

"கையில சாக்ஸு போட்டுக்கினு போனா நாலு பேரு சிரிப்பான்" என்றான் அவன். குளிருக்குக்கூட இவனிடம் மரியாதை இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறானே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊர் எல்லை தாண்டியதும் அவன் லைட்டைப் பிரைட்டில் போட்டான். எதிரில் வெள்ளைச் சுவர் எழும்பியது. "டிம்முல போடுங்க" என்றாள். அவன் காதில் ஏறவில்லை. மூச்சு பட்டு ஹெல்மெட் கண்ணாடி வேறு புகைந்துபோயிருந்தது. அப்போதுதான் முன்னால் ஒரு சிவப்பு லைட் தெரிந்தது.

"பாத்தியா, கம்பெனி பஸ்ஸு! இதும் பின்னாலயே போனா நேரா கேட்டுதான்."

பனியில் முன்வண்டியின் சிவப்பு லைட்டைப் பிடித்துக்கொண்டு போவது இங்கே எல்லோருக்கும் பழக்கம். யானை பயமும் சேர்ந்துகொள்வதால் தனியாகப் போக யாருக்கும் மனசு வராது. சுமலதா திரும்பிப் பார்த்தாள். இவர்கள் சிவப்பு லைட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பைக், அதைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று என்று ஆறு வண்டி வந்துகொண்டிருந்தது. அத்தனை பேரும் தன் புருஷனை நம்பி வருகிறார்கள்.

தார் ரோடு மண் ரோடானது. "ஏங்க, ரோடு குலுக்குதே" என்றாள். "வேலை நடக்குது போல" என்றான். சாணி வாசனை வந்தது. அதற்கும் அவன் ஏதோ காரணம் சொல்லத் தொடங்கியபோது சிவப்பு லைட் சட்டென்று நின்றது. தீர்த்தகிரி பிரேக்கை அழுத்தினான், அழுத்தியதாக நினைத்துக்கொண்டான். விரல்கள் மரத்துப்போய் மடங்கவே இல்லை. வண்டி மெதுவாகப் போய்க் காலி பால் கேன்கள்மேல் சாய்ந்தது. கேன்கள் உருண்ட சத்தத்தில் ஊர் நாய்கள் மொத்தமும் எழுந்துகொண்டன.

பஸ் அல்ல, பால் வேன். அவர்கள் நின்றது ஒரு கிராமத்துப் பால் சொசைட்டி வாசல். பின்னால் ஆறு பைக்கும் வரிசையாக வந்து நின்றன. டியூப் லைட் வெளிச்சத்தில் அளவுக் குவளையோடு நின்றிருந்த கெம்பம்மா எல்லோரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஹாலு எல்லி?" என்றாள். பால் எங்கே என்று கன்னடத்தில்.

யாரிடமும் பால் இல்லை. குரங்குக் குல்லாயில் கண் மட்டும் தெரிந்த ஒருவன் பல் தந்தியடிக்கக் கத்தினான். "யோவ், வழி தெரியாம எதுக்குய்யா முன்னால போற?"

சுமலதாவுக்கு வந்ததே கோபம். "உங்கள யாரு வெத்தல பாக்கு வெச்சுக் கூப்ட்டது? சொந்தமா லைட்டு இருக்குதில்ல, அதப் போட்டுக்கினு போறது!"

மணி ஐந்து இருபத்தைந்து. எட்டு மாதக் காத்திருப்பு இந்தச் சாணி வாசனையில் முடியப் போகிறது என்று அவளுக்குப் பட்டது. புருஷன் கைகளைப் பார்த்தாள். நீலம் பாரித்துப் போயிருந்தன. திட்டத்தான் வாயெடுத்தாள். ஆனால் அந்தக் கைகளைப் பிடித்து, அப்போதுதான் கறந்து வந்த பால் கேன்மேல் வைத்து அழுத்தினாள். உயிர் வந்து விரல் மடங்கியதும், தன் கைக் காலுறையைக் கழற்றி அவனுக்கு மாட்டினாள். நாலு பேர் இல்லை, ஆறு பேர் பார்த்தார்கள். ஒருவனும் சிரிக்கவில்லை.

"இப்ப நான் சொல்றாப்புல ஓட்டுங்க. லைட்ட டிம் பண்ணுங்க. கண்ணாடிய ஒரு வெரலு தூக்குங்க. முப்பதத் தாண்டக் கூடாது."

ரோஜா வேனில் நான்கு வருடம் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனவள் அவள். பனியில் அந்த டிரைவர் எதிரே பார்க்கவே மாட்டான். ரோட்டின் இடது ஓரத்து வெள்ளைக் கோடுதான் அவனுக்குத் தெய்வம். தார் ரோடு ஏறியதும் சுமலதா அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். கோடு விலகினால் இடது தோளில் ஒரு தட்டு, நெருங்கினால் வலது தோளில் ஒரு தட்டு. தீர்த்தகிரி முதன்முறையாக மறுபேச்சில்லாமல் ஓட்டினான். பின்னால் ஆறு பைக்கும் இடைவெளி விட்டு வந்தன. மத்திகிரி தாண்டி ஒவ்வொன்றாகப் பிரிந்து, கடைசியில் ஒன்றே ஒன்று கூட வந்தது.

கேட்டை அடைந்தபோது மணி ஆறு மூன்று. கேட் மூடியிருந்தது.

"கோபி சார் ஆர்டரும்மா. நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் வாட்ச்மேன் கரியப்பன். சுமலதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தீர்த்தகிரி காலுறைக் கைகளைக் கூப்பி, "எம் மேலதாங்க தப்பு, அவள உட்டுருங்க" என்றான். சாவிக்காரன் இப்படி ஒரு வார்த்தை சொல்லி அவள் கேட்டதே இல்லை.

கூட வந்த பைக்குக்காரன் இறங்கிக் குரங்குக் குல்லாயைக் கழற்றினான். கரியப்பன் விறைத்து நின்று சல்யூட் வைத்தார். "குட்மார்னிங் கோபி சார்!"

கோபி கேட் கடிகாரத்தைப் பார்த்தான். சுமலதாவைப் பார்த்தான். கடைசியாகத் தன் ஷூவில் அப்பியிருந்த சாணியைப் பார்த்தான்.

"கேட்டத் தெற" என்றான்.

அவள் உள்ளே நாலடி வைத்திருப்பாள். பின்னால் தயங்கித் தயங்கி ஒரு குரல் வந்தது. "ஏம்மா... நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்புவீங்க?"

"நாலே முக்காலுக்கு சார்" என்றாள் சுமலதா. "ஒரு நிமிஷம் லேட்டானாலும் அடுத்த ஆளக் கூப்ட்டுக்குவேன்."