பெயர் சொல்லாத சாபம்

அரசாங்கக் காரிலிருந்து தம்பி அன்சாவை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கியபோது பொக்குவா மரவள்ளிக்கிழங்கு இடித்துக்கொண்டிருந்தாள். அவன் கால்கள் இரண்டும் தூண்போல வீங்கியிருந்தன. டிரைவர் கையில் ஒரு ஜின் சாராயப் புட்டியும் மூன்று முட்டைகளும். சாபத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லி வருகிறவர்கள்தான் அப்படி வருவார்கள்.

“என்னடா மந்திரி, அக்கா வீட்டுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?”

அவன் சிரிக்கவில்லை. “நீ ஆத்துல முட்டை ஒடச்சு சாபம் விட்டியாமேக்கா.”

“ஒடச்சேன். அந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் எம்பொண்ணு செத்தா. தண்ணியக் கெடுத்தவன் காலு வீங்கிச் சாகட்டும்னு நம்ம ஆத்துத் தெய்வம் பிரவாத் தாய்கிட்ட சொன்னேன். யாருன்னு எனக்குத் தெரியாது, ஆனா ஆத்துக்குத் தெரியுமில்ல?”

“நான்தான்க்கா. ஆத்துல தங்கம் தோண்டுற மிஷினுக்குத் திரும்ப அனுமதி குடுத்தது நான்தான்.”

உலக்கை கைநழுவி விழுந்தது. நாட்டுக்கு விடுதலை வந்த அன்று இதே அன்சா வெள்ளைக்காரனின் மிஷின் மேல் ஏறிக் கொடி நட்டு, இனி ஆறு நம்முடையது என்று தொண்டை கிழியக் கத்தினான். அவளும், இப்போது செத்துப்போன மகள் அச்சியாவை அன்று கைக்குழந்தையாக முதுகில் கட்டிக்கொண்டு ஆடினாள். அச்சியாவுக்கு அப்பனைவிடத் தாய்மாமன்தான் பெரிது. அவனை அங்கேயே அடித்துக் கொல்ல வேண்டும் போலிருந்தது. அவன் செத்தால் தன்னால் தாங்க முடியாது என்பதும் அதே கணத்தில் தெரிந்தது. அவள் தூக்கி வளர்த்த பிள்ளை அவன்.

சாபம் விட்டவளேதான் எடுக்க வேண்டும். அவனை ஆற்றங்கரையில் உட்காரவைத்துவிட்டு ஜின்னை நீரில் ஊற்றினாள். “தாயே, சொன்னதத் திருப்பி எடுத்துக்கறேன். எந்தம்பிய விட்டுடு.” முட்டைகளை உடைத்து நீரில் விட்டாள். மீன் வந்து கருவைத் தின்றால் தாய் இசைந்தாள் என்று அர்த்தம்.

மூன்று கருக்களும் கரையோரச் சேற்றில் அப்படியே கிடந்தன. ஆற்றின் மேல்பக்கம், வளைவுக்கு அப்பால், மிஷின் இரைந்தது.

“மீன் வரலியேக்கா.”

“இந்தக் கலங்கல்ல எப்படிடா வரும்? மொதல்ல மிஷின நிறுத்தச் சொல்லு. நீதானே மந்திரி?”

அவன் வளைவுப் பக்கம் பார்த்தான். “அது இப்ப எங்கையில இல்லக்கா.”

பொக்குவா முழங்கால் ஆழத்துக்கு இறங்கினாள். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினாள், தெளிகிறதா என்று பார்த்தாள், விட்டுவிட்டு மறுபடியும் அள்ளினாள்.